வழும்பும் மூலிகையும்

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில்லின் கீழ் வீதியில் நின்றால் உட்துறைமுகத்தின் அசைவற்ற நீரும் அதில் கட்டிக் கிடக்கும் வள்ளங்களும் தெரியும். புதிதாகச் சாயம் பூசி இறக்கிய வள்ளத்தின் அடிப்பாகம் சில நாட்களுக்குள் கைக்கு வழுக்கத் தொடங்கிவிடும். பாசி பிடித்துவிட்டது என்பார்கள். பச்சைப் பாசி கண்ணில் படுவதற்கு முன்பே அங்கே குடியேறிவிட்டவை பற்றீரியாக்கள். மரமோ பைபரோ இரும்போ, நீரில் இறங்கிய சில மணி நேரத்தில் அவை அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியபின் தம்மைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்து அதற்குள் பெருகுகின்றன. பாசியும், ஓட்டோடு ஒட்டும் சிறு உயிர்களும் பெரும்பாலும் இந்த வழும்பின் மேல்தான் பிறகு வந்து சேர்கின்றன.

விஞ்ஞானிகள் இதைப் பயோஃபிலிம் என்கிறார்கள். தமிழில் உயிர்ப்படலம் என்று எழுதுகிறோம். காலையில் பல் துலக்குமுன் நாவுக்குத் தட்டுப்படும் பிசுபிசுப்பும் அதுதான். சமையலறைத் தொட்டியின் வடிகாலில் படியும் வழுவழுப்பும் அதுதான். வைத்தியசாலையில் சிறுநீர் போகப் பொருத்தும் கதீற்றரின் உட்சுவரிலும், மாதக்கணக்கில் ஆறாத நீரிழிவுப் புண்ணின் மேலும், எலும்புக்குள் வைத்த உலோகத் தகட்டிலும் அதே படலம் உருவாகலாம். வள்ளத்தில் வந்தால் சுரண்டிவிடலாம். உடம்புக்குள் வந்தால் அவ்வளவு இலகுவில் தீராது.

இதைப் பற்றி இப்போது விளக்கமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. அன்ரிபயோட்டிக்குக்கு அடங்காத கிருமியை மஞ்சள் அடக்கிவிடும், உள்ளி அடக்கிவிடும், ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள் என்ற பேச்சு நம் வீடுகளிலும் மருந்துக் கடைகளிலும் அடிக்கடி கேட்கிறது. இது வெறும் கட்டுக்கதை என்று படித்தவர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்குவது நியாயமில்லை, அந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது, அதில் ஒரு பகுதி நமக்கு மிக அருகில் காரைக்குடியில் நடந்தது. ஆனால் ஆய்வுகூடத்தில் கண்டதற்கும் நோயாளியின் காலில் உள்ள புண்ணுக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. எந்தப் படிவரை ஏறியிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் மூலிகையை மதிக்கவும் முடியும், அதனால் ஏமாறாமல் இருக்கவும் முடியும்.

முதலில் படலத்தைப் புரிந்துகொள்வோம். சவ்வரிசிக் கஞ்சி ஆறியபின் மணிகள் குழம்புக்குள் புதைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பற்றீரியாக்கள் அப்படித்தான் தாமே சுரந்த பிசினுக்குள் புதைந்து கிடக்கின்றன. அந்தப் பிசினில் சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், இறந்த பற்றீரியாக்களிலிருந்து வெளிவந்த மரபணு இழைகள் எல்லாம் பின்னிக் கிடக்கும். இடையிடையே நீர் செல்லும் வழிகளும் உண்டு. ஒல்லாந்தைச் சேர்ந்த அந்தோனி வான் லீவன்ஹூக் 1680களில் தம் பல்லில் சுரண்டிய அழுக்கைத் தாமே தேய்த்துச் செய்த வில்லையின் கீழ் வைத்துப் பார்த்து, அதில் உயிர்கள் நெளிவதைக் கண்டார். வினாகிரியால் வாய் கொப்பளித்தபோது அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன என்பதையும் அவர் அப்போதே எழுதிவைத்தார். பற்றீரியாக்கள் நோய் தரும் என்பதே தெரியாத காலம் அது. மருத்துவ உலகம் அந்தக் குறிப்பின் பொருளை உணர ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் எடுத்தன. 1978இல் பில் கோஸ்டர்ட்டன் என்ற கனடிய நுண்ணுயிரியலாளரும் உடன் ஆய்வாளர்களும், இயற்கையில் பற்றீரியாக்கள் தனித்தனியாக நீந்துவதைவிட இப்படி ஒட்டி வாழ்வதே வழமை என்று எடுத்துக்காட்டிய பிறகுதான் இது தனித் துறையாக வளர்ந்தது.

படலத்துக்குள் இருக்கும் பற்றீரியாவைக் கொல்ல, நீரில் தனியே நீந்தும் அதே பற்றீரியாவுக்குத் தேவைப்படுவதைப்போல் சில வேளைகளில் ஆயிரம் மடங்கு வரை கூடுதலான அன்ரிபயோட்டிக் தேவைப்படுகிறது. பிசின் மருந்தின் வேகத்தைக் குறைப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அடியில் கிடக்கும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசனும் உணவும் சரியாகக் கிடைக்காமல் அவை ஏறக்குறைய உறங்கிக் கிடப்பதுதான். பெரும்பாலான அன்ரிபயோட்டிக்குகள் வளரும் கிருமியின் வேலைகளைக் குழப்பித்தான் அதைக் கொல்கின்றன. வேலையே செய்யாமல் கிடப்பதை அவை என்ன செய்ய முடியும்? மருந்து நின்றதும் உறங்கியவை விழித்துக்கொள்கின்றன, காய்ச்சல் திரும்புகிறது, நோயாளி மறுபடி வைத்தியசாலைக்கு வருகிறார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகளில்கூட இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி என்பது மரபணுவில் மாறிய கிருமி. அது எங்கே இருந்தாலும் மருந்தைத் தாங்கும், தன் சந்ததிக்கும் அந்தத் திறனைக் கொடுக்கும். படலத்துக்குள் இருப்பதால் தாங்கும் கிருமி அப்படியல்ல. அதைப் படலத்திலிருந்து கழற்றி நீரில் விட்டால், சாதாரண அளவு மருந்துக்கே சாகக்கூடும். மூலிகைச் சேர்மங்கள் பற்றிய நம்பிக்கை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது: கிருமியைக் கொல்லாவிட்டாலும் பரவாயில்லை, படலத்தைக் கட்டவிடாமல் செய்தாலோ கட்டியதைக் குலைத்தாலோ போதும், மிச்சத்தைப் பழைய மருந்தே பார்த்துக்கொள்ளும்.

செடிகளுக்கு இது புதிய வேலை அல்ல. நம்மைப்போல் இரத்தத்தில் ஓடித் திரியும் வெள்ளணுக்கள் செடிக்குக் கிடையாது. இலையும் வேரும் நாளெல்லாம் பற்றீரியாக்களின் நடுவே நிற்கின்றன. ஆகவே தோலிலும் சாறிலும் தைலத்திலும் நூற்றுக்கணக்கான சேர்மங்களை வைத்துத்தான் அவை பிழைத்து வந்திருக்கின்றன. கராம்பின் யூஜெனோல், ஓமத்தின் தைமோல், நம் நாட்டுக் கறுவாப் பட்டையின் சின்னமல்டிஹைட் ஆகியவை கிருமியின் மென்சவ்வையே குலைப்பவை. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான தனின்கள் புரதங்களோடு பிணைந்து அவற்றின் தொழிலைக் கெடுப்பவை. கிரான்பெரி என்ற மேலைநாட்டுப் பழத்தின் ஒருவகைத் தனின், சிறுநீர்ப்பையின் சுவரில் ஈகோலாய் பற்றீரியா ஒட்டுவதையே தடுக்கிறது. ஒட்டாவிட்டால் படலம் ஏது?

எல்லாவற்றிலும் சுவையானது, கிருமிகளின் பேச்சைக் குழப்பும் வழி. பற்றீரியாக்கள் ஒன்றுக்கொன்று இரசாயனத் தூது விடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூலக்கூறு சுற்றிலும் ஓர் அளவுக்கு மேல் கூடினால், நாம் போதிய எண்ணிக்கையில் இருக்கிறோம் என்று எல்லாமே அறிந்து, ஒரே நேரத்தில் பிசின் சுரக்கவோ நஞ்சு உண்டாக்கவோ தொடங்கும். 1970இல் கடலில் ஒளிவிடும் பற்றீரியாக்களை ஆராய்ந்தபோது இது முதலில் தெளிவாகத் தெரிந்தது. ஹவாய்த் தீவுகளின் கரையோரத்தில் வாழும் சின்னஞ்சிறு கணவாய் ஒன்றின் வயிற்றுப் புறத்தில் அந்த வகைப் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. கூட்டம் சேர்ந்த பிறகே அவை ஒளிவிடும். தனியே கடலில் திரியும்போது ஒளிவிடுவதில்லை.

1990களில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிட்னிக்கு அருகான கடலில் வளரும் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புக் கடற்பாசியைக் கவனித்தார்கள். பக்கத்தில் உள்ள பாறையிலும் மற்றப் பாசிகளிலும் வழும்பும் சிப்பியும் படிய, இதன் மேல் மட்டும் அவ்வளவாகப் படிவதில்லை. தேடியபோது, பியூரனோன் எனப்படும் சேர்மங்களை அது தன் மேற்பரப்பில் வைத்திருப்பது தெரிந்தது. அவற்றின் வடிவம் பற்றீரியாக்களின் தூது மூலக்கூறை ஒத்திருக்கிறது. தூதைப் பெறும் இடத்தில் இவை போய் அமர்ந்து குழப்பம் செய்ய, பற்றீரியாக்கள் கூட்டமாகச் செயற்பட முடியாமல் போகின்றன. கொல்லாமலே கிருமியை அடக்கலாம் என்ற எண்ணத்துக்கு உயிர் கொடுத்தது இந்தக் கடற்பாசிதான். கொல்லாத மருந்துக்கு எதிராகக் கிருமி மாறவேண்டிய நெருக்கடியும் குறைவாக இருக்கும் என்று அப்போது நம்பினார்கள். அது ஓரளவே உண்மை என்பதை இப்போது அறிகிறோம். அதோடு இந்தப் பியூரனோன்கள் மனித உடலுக்கு நஞ்சாக இருந்ததால் மாத்திரையாக வர முடியவில்லை.

உடம்புக்கு உதவாவிட்டாலும், இப்படி ஒட்டவிடாமல் செய்யும் சேர்மங்கள் கப்பலுக்குத் தேவைப்படும் காரணத்தைத் துறைமுக ஊரில் இருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அடிப்பாகம் வழும்பும் சிப்பியும் பிடித்தால் கப்பலை நீர் பின்னிழுக்க, அது கூடுதல் எண்ணெய் குடிக்கும். அதைத் தடுக்க டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயத்தைப் பல ஆண்டுகள் பூசினார்கள். அது நீரில் கசிந்து, மட்டிச் சிப்பி இனங்களை அழித்தது. கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்கு ஓமோன்களைக் குழப்பியது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் அதற்கு எதிரான உடன்படிக்கையைக் கொண்டுவந்தது; 2008இல் அது நடைமுறைக்கு வந்தது. கொல்லாமல் ஒட்டவிடாமல் செய்யும் பூச்சு வேண்டும் என்ற தேடலில் கடற்பாசிகளும் செடிகளும் இன்றும் ஆராயப்படுகின்றன.

காரைக்குடிக்கு வருவோம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியர் கருத்தபாண்டியனும் உடன் ஆய்வாளர்களும் இந்தத் தூதுப் பேச்சைக் குழப்பும் பொருட்களைக் கடலிலும் சமையலறையிலும் தேடினார்கள். அவர்கள் பயன்படுத்திய சோதனைகளில் ஒன்று கண்ணாலேயே காணக்கூடியது. குரோமோபாக்டீரியம் என்ற பற்றீரியா கூட்டம் சேர்ந்ததும் ஊதா நிறச் சாயத்தை உண்டாக்கும். சோதிக்கும் சாறைப் பக்கத்தில் வைத்தபோது பற்றீரியா உயிரோடு வளர்ந்துகொண்டே ஊதா நிறத்தை மட்டும் இழந்தால், அதன் தூது அறுபட்டது என்று பொருள். 2010இல் நாம் உண்ணும் செடிகள், பழங்கள் சிலவற்றிலும், 2012இல் சீரகத்திலும் இந்தத் திறன் இருப்பதை வெளியிட்டார்கள். 2014இல் வெளியான ஆய்வில், மஞ்சளின் குர்குமின் என்ற சேர்மம் சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளான ஈகோலாய், சூடோமோனாஸ், புரோட்டியஸ், செராட்டியா ஆகியவற்றின் படலத்தைக் குறைப்பதையும், வழக்கமான அன்ரிபயோட்டிக்குக்கு அவை கூடுதலாக அடங்குவதையும் காட்டினார்கள். மருந்துக்குப் பதிலாக மஞ்சள் என்று அவர்கள் சொல்லவில்லை. மருந்தோடு மஞ்சளின் சேர்மம் நின்றால் மருந்து கூடுதலாக வேலை செய்யலாம் என்பதே அதன் பொருள். நல்ல, நேர்மையான வேலை அது. நம் அடுப்படியிலேயே உள்ள பொருட்களை உலகத் தரத்தில் சோதித்ததற்காகத் தமிழர் பெருமைப்படலாம்.

அடுத்து வரும் படிகளில்தான் பெரும்பாலான சேர்மங்கள் இடறுகின்றன. அந்த ஆய்வுகள் நடப்பது விரல் நுனி அளவு குழிகள் வரிசையாக உள்ள பிளாஸ்டிக் தட்டுகளில். ஒரே வகைப் பற்றீரியாவைப் போட்டு, சேர்மத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்து, ஒரு நாள் கழித்து எவ்வளவு படலம் ஒட்டியிருக்கிறது என்று சாயமூட்டி அளப்பார்கள். புதிதாகக் கட்டுவதைத் தடுப்பது ஒன்று. மூன்று மாதமாகப் புண்ணில் கட்டி நிற்கும் பழைய படலத்தைக் குலைப்பது முற்றிலும் வேறு. புண்ணில் ஒரே பற்றீரியா இருப்பதும் அரிது. சீழும் இரத்தப் புரதங்களும் இறந்த திசுவும் நடுவே நின்று சேர்மத்தைப் பிடித்துக்கொள்ளும். தட்டில் வேலை செய்த நூறு பொருட்களில் ஒன்றிரண்டு புண்ணிலும் வேலை செய்தாலே அது பெரிய காரியம்.

குர்குமினுக்கு இன்னொரு தடை உண்டு. மஞ்சள் தூளில் அதன் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று மட்டுமே. அதைப் பிரித்தெடுத்து நாளொன்றுக்கு 8 கிராம் வரை விழுங்கக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் இரத்தத்தில் காணப்பட்டது மிகச் சொற்பம். குடலும் ஈரலும் அதை உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 2017இல் மருந்து வேதியியல் சஞ்சிகை ஒன்றில் வந்த நீண்ட மதிப்பீடு இதை விரிவாக எடுத்துச்சொன்னது. குர்குமினின் மஞ்சள் நிறமும் அது ஒளிரும் தன்மையும் சில ஆய்வுகூடச் சோதனைகளையே ஏமாற்றி, இல்லாத பலனை இருப்பதுபோல் காட்டிவிடும் என்றும் எச்சரித்தது. மஞ்சள் பால் குடித்தால் சிறுநீர்ப்பையில் உள்ள படலம் கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குடிப்பதில் குற்றமும் இல்லை, தொண்டைக்கு இதம்தான்.

உள்ளியின் கதையும் அப்படியே. உள்ளியை நசுக்கி எண்ணெயில் ஊறவிட்டால் உண்டாகும் அஜோயின் என்ற சேர்மம் சூடோமோனாஸின் தூதைத் தடுக்கிறது என்று டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். ஆய்வுகூடத்தில் மிக உறுதியான முடிவு அது. நுரையீரலில் அதே கிருமியின் படலத்தோடு வாழும் நோயாளிகளுக்கு இங்கிலாந்தில் உள்ளி எண்ணெய்க் குளிசையை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டபோது நம்பத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வாய்வழி விழுங்கி எலும்பிலோ நுரையீரலிலோ உள்ள படலத்தை அகற்றும் மருந்தாக ஒரு தாவரச் சேர்மமும் இன்றுவரை வழக்கமான சிகிச்சைக்குள் வரவில்லை. கிரான்பெரி மட்டும் தன் சிறிய எல்லைக்குள் தேறியிருக்கிறது. 2023இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்குத் தொற்றின் அபாயம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. வந்த தொற்றைத் தீர்ப்பதற்கு அல்ல, வராமல் தடுப்பதற்கு. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பலன் தெரியவில்லை.

கடையில் வாங்குவது என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. 2020இல் மஞ்சள் இறக்குமதியை இலங்கை கட்டுப்படுத்தியபோது விலை பல மடங்கு ஏறி, இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கடத்தி வந்து கடற்படையிடம் பிடிபட்டதை மறந்திருக்க மாட்டோம். அக்காலத்தில் மாவும் சாயமும் கலந்த தூளும் மஞ்சள் என்றே விற்றது. ஆய்வில் பயன்படுவது அளந்து எடுத்த தூய சேர்மம். நாம் புண்ணில் பூசுவது எது என்று நமக்கே தெரியாது.

இவ்வளவு சொன்னபின், மூலிகை உண்மையாகவே வென்ற இடத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அது வாய். பல்லின் மேல் படியும் படலத்தைச் சேர்மம் நேரே தொட முடிகிறது. குடலையும் ஈரலையும் தாண்ட வேண்டியதில்லை. 1879இல் அமெரிக்காவில் உருவாகி இன்றும் உலகெங்கும் விற்கும் லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிப்பானின் பழைய செய்முறையில் உள்ளவை தைமோல், யூகலிப்டோல், மென்தோல், மெதைல் சலிசிலேற்று. நான்கும் செடிகளின் தைலங்களில் உள்ள சேர்மங்கள். நம் ஓம எண்ணெயின் முதன்மையான பொருளே தைமோல்தான். பல் துலக்குவதோடு சேர்த்து இதைப் பயன்படுத்தினால் பற்படலமும் ஈறழற்சியும் குறைவது மாதக்கணக்கான மனிதச் சோதனைகளில் மீண்டும் மீண்டும் உறுதியானது. அந்தக் கொப்பளிப்பானில் தைமோலின் அளவு நூற்றுக்கு 0.064 மட்டுமே. அளவறிந்து கரைத்திருப்பதுதான் அதன் பலம். அதே தைலத்தை அப்படியே ஈறில் தேய்த்தால் புண்ணாகிவிடும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாவால் கொப்பளிப்பதும் இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சோதிக்கப்பட்டு நல்ல முடிவுகளைத் தந்திருக்கிறது. ஆய்வுகள் சிறியவை என்றாலும் திசை தெளிவாக இருக்கிறது.

வாய்ப் படலத்தைப் பற்றிய உலக அறிவுக்கு நம் மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள் கொடுத்த பங்கை இங்கே பலர் அறியமாட்டார்கள். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவர் 1965இல், மாணவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லி, மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறழற்சி வந்ததையும், துலக்கியதும் அது மறைந்ததையும் காட்டினார். பின்னர் 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார். தூரிகையும் பல் வைத்தியமும் எட்டாத மக்கள் அவர்கள். ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 1986இல் வந்தது. எல்லோர் பல்லிலும் படலமும் காறையும் நிறைய இருந்தும், நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லைத் தாங்கும் திசு வேகமாக அழிந்தது. 81 பேருக்கு மிதமான வேகத்தில் அழிந்தது. 11 பேருக்கு ஈறழற்சிக்கு மேல் எதுவும் நேரவில்லை. படலம் தீமையின் தொடக்கமே தவிர, அது எவ்வளவு தூரம் போகும் என்பதை உடம்பு கொடுக்கும் பதிலும் தீர்மானிக்கிறது என்று உலகம் கற்றுக்கொண்டது இதிலிருந்துதான். உலகப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் இந்த எண்களைப் படிக்கிறார்கள். பல் துலக்கத் தூரிகைகூட இல்லாமல் இருந்த அந்த மனிதர்களுக்கு அந்த அறிவு எவ்வளவு பயன்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வெற்றிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல் ஆடாமல் இருக்க வெற்றிலை போடுகிறேன் என்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வெற்றிலைச் சாற்றில் உள்ள பீனோல் சேர்மங்கள் பற்சிதைவுக் கிருமியின் படலத்தை ஆய்வுகூடத்தில் குறைப்பது உண்மை. ஆனால் நாம் வாயில் போடுவது தனி இலை அல்ல. பாக்கும் சுண்ணாம்பும் பலருக்குப் புகையிலையும் சேர்ந்தது. புகையிலை இல்லாமல் போட்டாலும் வெற்றிலைப் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்திவிட்டது. ஒரு செடியின் சேர்மம் நல்லது என்பதால் அந்தச் செடி இடம்பெறும் பழக்கமும் நல்லது என்றாகிவிடாது.

புண்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. திரிபலாக் கசாயத்தால் புண் கழுவுவது சித்த மருத்துவத்தில் நெடுநாள் வழக்கம். மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் அதில் அறிவியல் இல்லாமல் இல்லை: சேர்மம் நேரே படலத்தைத் தொடுகிறது, கழுவுவதே படலத்தைக் கொஞ்சம் கழற்றுகிறது, துவர்ப்புச் சேர்மங்கள் மீண்டும் ஒட்டுவதைக் குறைக்கலாம். நவீன வைத்தியர்களும் நீரிழிவுப் புண்ணுக்கு முதலில் செய்வது இறந்த திசுவையும் வழும்பையும் வெட்டிச் சுத்தம் செய்வதுதான். கதீற்றரில் படலம் கட்டினால் மருந்தைக் கூட்டுவதைவிடக் குழாயை மாற்றுவதே முதல் வேலை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றில் மூன்று முதல் ஏழு பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது என்பது வைத்தியசாலைகள் நெடுங்காலமாகக் கண்டுவரும் கணக்கு. தேவையில்லாத நாளே குழாயை எடுத்துவிடுவதுபோன்ற படல எதிர்ப்பு மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நீரிழிவு உள்ளவரின் காலில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. வலிக்காத புண்ணை அவர் பொருட்படுத்துவதில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பி, துணி சுற்றி, இரண்டு மாதம் காத்திருக்கிறார். அப்பிய விழுதின் அடியில் படலம் தடிக்கிறது, எலும்புவரை போகிறது. வைத்தியசாலைக்கு வரும்போது விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலை. மஞ்சள் அந்தக் காலைக் கெடுக்கவில்லை. காத்திருந்த இரண்டு மாதம் கெடுத்தது. ஆய்வுச் செய்தியைப் பாதியாகச் சொல்லிப் பரப்புகிறவர்கள் இந்தக் கால்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள். நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கிழக்கு மாகாணத்தின் நிர்வாகமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. எந்தக் கசாயம், எவ்வளவு அடர்த்தியில், எத்தனை நாள், எந்த வகைப் புண்ணுக்கு என்று எழுதிவைத்து, சத்திர சிகிச்சைப் பிரிவும் சித்த வைத்தியர்களும் ஒரே நோயாளியை ஒன்றாகப் பார்க்கும் ஓர் ஆய்வை இங்கே தொடங்கலாம். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சுத்திகரிப்பும் மருந்தும், மற்றப் பகுதியினருக்கு அதே சுத்திகரிப்பு, அதே மருந்து, அதோடு கசாயக் கழுவல். எவருக்கும் தேவையான சிகிச்சை மறுக்கப்படாது. கசாயம் ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் இருப்பதை வளாகம் உறுதிசெய்யலாம். முடிவு எப்படி வந்தாலும் வெளியிட வேண்டும். பலன் இல்லை என்று வந்தால் அதையும் சித்த மருத்துவம் தலைநிமிர்ந்து சொல்லலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் தவித்த நாட்டுக்கு, மருந்தின் பலனைக் கூட்டும் மலிவான கழுவல் ஒன்று தேறினால் அது சிறிய காரியம் ஆகாது.

அதுவரை வாசகர்களிடம் கேட்பது இதுதான். நீரிழிவு இருந்து காலில் புண் கண்டால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றவர்களும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வீட்டில் கதீற்றரோடு ஒருவர் படுத்திருந்தால் அதை மாற்ற வேண்டிய திகதியைக் குறித்துவைத்து, அந்த நாளில் தவறாமல் மாற்றுவியுங்கள். கொடுத்த அன்ரிபயோட்டிக்கை வைத்தியர் சொன்ன நாள்வரை எடுங்கள். மூலிகை ஏதும் பூசியிருந்தாலோ விழுங்கியிருந்தாலோ வைத்தியரிடம் மறைக்காதீர்கள்; இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் உள்ளிக் குளிசையையும் குர்குமின் குளிசையையும் கேட்காமல் தொட வேண்டாம். காலையும் இரவும் பல்லைத் துலக்குங்கள். துலக்கிய பிறகு விரும்பினால் திரிபலாவால் கொப்பளியுங்கள்.